செத்ததாக எழுதப்பட்ட குதிரையும் டாக்டர் மரகதவல்லியும்

பத்து நாளைக்கு முன், காலையில், டாக்டர் மரகதவல்லியின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. இன்னொரு கடிதம் எழுதச் சொல்லத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்து, "நாளைக்கு எழுதறேன், டாக்டரம்மா" என்று சலிப்போடு எடுத்தேன். பேசியது அவர் மகள் செல்வி.

"சார், அம்மா போய்ட்டாங்க. காபி கேட்டாங்க. போட்டு எடுத்துட்டு வர்றதுக்குள்ள..."

டாக்டரம்மா அரசு கால்நடை மருத்துவராக இருந்து ஓய்வு பெற்று, ஆலங்காயத்தில் குடியிருந்தவர். அவரை நான் முதலில் பார்த்தது என் பழைய மாணவன் ஒருவனின் கல்யாண ஊர்வலத்தில். மாப்பிள்ளை குதிரைமேல் வந்துகொண்டிருக்க, அவர் குறுக்கே நின்று, பிடரி மயிரை விலக்கி, கழுத்தில் ஒரு கருவியை வைத்தார்.

"இன்னாம்மா, மாப்பிள்ளைக்கு விலைச் சீட்டு ஒட்றீங்களா?" என்றார் தாய்மாமன்.

"மாப்பிள்ளை எங்கிருந்து வந்தாருன்னு உங்களுக்குத் தெரியும். குதிரை எங்கிருந்து வந்துச்சுன்னு தெரியுமா?" என்றார் டாக்டர். மேளக்காரர்கள்கூடச் சிரித்துவிட்டார்கள்.

பந்தயக் குதிரைகளுக்குக் குட்டியிலேயே கழுத்துத் தோலுக்கடியில் அரிசி மணி அளவில் ஒரு சில்லு வைக்கிறார்கள். கருவியில் அதன் எண் தெரியும்; இதற்கும் தெரிந்தது. அந்தக் குதிரை இப்போது எங்கே, யாரிடம் என்று பதிவேடு சொல்ல வேண்டும். டாக்டர் பதிவேட்டு அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டார். 'இக்குதிரை முன்பே இறந்துவிட்டது' என்று பதில் வந்தது.

காரணம் தெரியவே ஐந்து கடிதங்கள் ஆயின; எல்லாம் என்னை எழுதவைத்தவை. பந்தயத்தை விட்டு விலகும் குதிரைக்கான படிவத்தில் மூன்றே கட்டங்கள்: விற்பனை, இனவிருத்தி, இறப்பு. இந்தப் பெண்குதிரையை யாருக்கோ சும்மா கொடுத்துவிட்டார்கள். அதற்குக் கட்டம் இல்லை. ஆகவே இறப்பில் குறியிட்டார்கள்! மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு வேறு பள்ளிக்குப் போன பையனை 'இறந்தான்' என்று எழுதும் தலைமையாசிரியரை நினைத்துப் பாருங்கள்.

இதற்குள் குதிரைக்கு முன்னங்கால் வீங்கிவிட்டது. ஊர்வலத்துக்கு உதவாமல், மலைமேல் உள்ள நெல்லிவாசல்நாட்டுச் சின்னாண்டியிடம் புளி மூட்டை சுமக்கப் போயிருந்தது. டாக்டர் ஜீப்பில் இடம் பிடித்து மலையேறிக் கட்டுப் போட்டார். என்னையும் விடவில்லை.

"செத்துப்போச்சுன்றீங்க. அப்ப என் சாமை வைக்கோலை மொத்தமா தின்றது இன்னா, அதோட ஆவியா?" என்றார் சின்னாண்டி.

"இனிமே மூட்டை ஏத்தாதீங்க, சின்னாண்டி."

"ஏத்தலிங்க. ஆனா சும்மா நிக்கவெச்சு எத்தினி நாளு தீனி போடறது? பங்குனி முடியற வரைக்கும் பாக்கறேன். அப்பறம் தரகர் கேட்டா குடுத்துடுவேன்."

தரகர் வாங்கும் நொண்டிக் குதிரை அறுப்புக்குத்தான் போகும் என்று எங்கள் மூவருக்குமே தெரியும். குதிரைகளுக்கான காப்பகம் ஒன்று ஏற்கத் தயாராயிருந்தது. ஆனால் பதிவேட்டில் உயிரோடிருக்கும் குதிரைதான் அவர்களுக்கு வேண்டும்.

மறுபடியும் கடிதங்கள். படம் அனுப்பினோம், 'பழைய படமாக இருக்கலாம்' என்றார்கள். அன்றைய நாளிதழை அருகில் பிடித்து எடுத்தோம். குதிரை நாளிதழைக் கடித்துவிட்டது. "அதையே அனுப்புங்க சார், செத்த குதிரை கடிக்காது" என்றார் டாக்டர். போதும், விடுங்கள் என்று நான் சொன்னபோதெல்லாம் அவருக்கு ஒரே பதில்தான்: "நாம விட்டா, அவங்க எழுதினது நிஜமாயிடும் சார்."

அவருக்குப் பால் தெளித்த மறுநாள் பதில் வந்தது. குதிரை உயிருடன் உள்ளதாகத் திருத்தப்பட்டது. உரிமையாளர்: டாக்டர் மரகதவல்லி. சின்னாண்டி கையெழுத்துப் போடத் தயங்கியதால், எனக்குக்கூடச் சொல்லாமல் தம் பெயரை எழுதியிருக்கிறார். காப்பகத்துக்கு அனுப்ப உரிமையாளர் கையொப்பம் தேவையாம். தலையில் அடித்துக்கொண்டு, வாரிசான செல்வியிடம் போய் நின்றேன்.

"எனக்குக் குதிரைன்னாலே பயம், சார்" என்றார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எங்க போடணும்?" என்று கேட்டார்.

நேற்று வண்டி வந்தது. பங்குனி முடிய இன்னும் நான்கு நாள் இருக்கிறது. சாய்த்து வைத்த பலகையில் குதிரை ஏற மறுத்தது. சின்னாண்டி பின்னாலிருந்து தள்ளினார். "ஏறு தாயி! உசுரோட இருக்கேன்னு எழுதியே குடுத்துட்டாங்க, இன்னும் இன்னா யோசனை?"

அது நல்ல காலை முதலில் ஊன்றியது. பிறகு வீங்கிய காலையும் மெல்ல எடுத்து வைத்து உள்ளே போனது. கதவைச் சாத்தினார்கள்.

உங்கள் குதிரை வண்டியேறிவிட்டது, டாக்டரம்மா. நிம்மதியாகப் போய் வாருங்கள்.