புளி போட்டு மினுக்கிய செம்பு

செம்பில் புளி படும்போது ஒரு மணம் எழும். மூக்கால் புகுந்து நாக்கின் அடியில் போய்க் குந்திக்கொள்ளும் மணம். கார்த்திகை விளக்கீட்டுக்கு முதல்நாள் என் மனைவி குசினி வாசலில் இருந்து செம்புக் குடத்தைப் பழப்புளி போட்டு மினுக்கத் தொடங்கினால், நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு கடற்கரைப் பக்கம் போய்விடுவேன். "மினுக்கித் தரச் சொல்லிப்போடுவன் எண்டு மனுசன் ஓடுது, பாருங்கோ அக்கா" என்று அவள் வேலிக்கு மேலால் பக்கத்து வீட்டுக்குச் சொல்வது முதுகில் கேட்கும். சொல்லட்டும். அவளுக்கு அது பண்டிகை மணம். எனக்கு அந்த மணத்தோடு ஒரு மனுசியின் முகம் வருகிறது, முகத்துக்குப் பின்னால் கோபம் வருகிறது. ஏழு வருடத்துக்குப் பிறகும் அந்தக் கோபம் கைசுடும் சூட்டில்தான் இருக்கிறது.

ஊரில் அவரைச் சாம்பியா ரீச்சர் என்பார்கள். எங்கள் தீவில், தெற்கே சிங்கள ஊர்களுக்குப் போய்க் கடை வைத்தவர்களைக் கடை இருந்த ஊரின் பெயரால் அழைப்பது வழக்கம். இவரை ஒரு நாட்டின் பெயரால் அழைத்தோம். தீவின் கரம்பொன் கிராமத்திலிருந்து கலியாணம் முடித்த கையோடு புருஷனும் பெண்சாதியுமாக ஆபிரிக்காவுக்குப் படிப்பிக்கப் போனவர்கள். அவர் கணிதம், இவர் இரசாயனம். சாம்பியாவின் வடக்கில், செம்பு தோண்டுகிற ஊரொன்றில், பத்துப் பதினைந்து யாழ்ப்பாணக் குடும்பங்கள் இருந்தனவாம். சனிக்கிழமைகளில் ஆண்கள் சீட்டு விளையாடுவார்கள், பெண்கள் பற்றிஸ் பொரிப்பார்கள். ரீச்சர் புருஷனின் காற்சட்டையை மாட்டி, இடுப்பில் கயிறு கட்டி, பள்ளிக்கூடத்துத் தோட்டக்காரரையும் அவர் மனைவியையும் துணைக்குக் கூட்டிக்கொண்டு கைவிட்ட சுரங்கங்களுக்குள் இறங்கப் போய்விடுவார். "ரீச்சருக்குப் புதையல் ஆப்பிட்டிட்டுதோ?" என்று சீட்டுக்காரர் கேட்பார்களாம். "ஓம், உங்கடை மூளையைத் தவிர எல்லாம் அங்கை புதைஞ்சு கிடக்குது" என்று இவர் சொல்லிவிட்டுப் போவாராம். அந்தக் கதையைச் சொல்லும்போது மட்டும் அவர் சிரித்துப் பார்த்திருக்கிறேன்.

அந்தக் குழிகளை அவர் சொல்லக் கேட்டவனுக்கு அங்கே போகத் தேவையில்லை. வெள்ளைக்காரன் வருவதற்கு வெகுகாலத்துக்கு முன்பே அந்த ஊர்ச் சனம் செம்பைத் தேடிப் போன வழி அது. ஒரு ஆளின் இரண்டு தோளும் உரசுகிற அகலம். பாறையைத் தீயால் சுட்டுத் தண்ணீர் ஊற்றிப் பிளந்த இடங்களில் கரி இன்னும் ஒட்டியிருக்கும். செம்பு எந்தப் பக்கம் வளைந்ததோ குழியும் அந்தப் பக்கம் வளையும், செம்பு முடிந்த இடத்தில் குழியும் திடுமென்று முடிந்துபோகும். பக்கத்தில் கம்பனிக்காரர் வெட்டிவிட்டுப் போன ஆழக் கிணறுகளும் மண் குவியல்களும். முதல் மழை பெய்து ஓய்ந்த அடுத்த நாள் போகவேண்டும் என்பார். புழுதி கழுவப்பட்டு, பச்சை கண்ணில் படும். பச்சை பட்ட இடத்தில் சுத்தியலால் ஒரு தட்டு. கல்லென்றால் நொருங்கிப் போகும். நொருங்காமல், சுத்தியலின் தழும்பை வாங்கிக்கொண்டு மெதுவாக வளைந்து கொடுத்தால், அது செம்பு. யாரும் உருக்காத, எந்த உலையும் காணாத, மண்ணுக்குள்ளேயே செம்பாகப் பிறந்த செம்பு. புத்தகத்தில் அதற்கு வேறு பெயர் இருக்கும். ரீச்சர் பிறவிச் செம்பு என்பார்.

நாற்பத்தொரு துண்டு. ஒன்று முருங்கைக் கொப்பை ஒடித்து வைத்தது போல. ஒன்று தீய்ந்த அப்பத்தின் கரை மாதிரி மெல்லிய தகடு. ஒன்று இஞ்சிக் கிழங்கு. ஒன்றிரண்டு மயிரைப் போன்ற கம்பிகள், ஒன்றுக்குள் ஒன்று சிக்கி, மூச்சு விட்டாலே அசையும். எல்லாவற்றின் மேலும் பச்சை, சிலதில் நீலம், வெடித்த இடங்களில் கறுத்த சிவப்பு. சாம்பியாவிலிருந்து அவற்றை இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். புருஷன் அங்கேதான் செத்தார். மகனுடைய வீட்டுக் கார்க் கொட்டிலில் இருபது வருடம் றங்குப்பெட்டிக்குள் கிடந்த செம்பை, மகன் மூன்று தரம் எறியப் பார்த்து, மூன்று தரமும் தாய் மறித்து, கடைசியில் சண்டை முடிந்து பாதை திறந்த பிறகு கரம்பொன்னுக்குத் திரும்பியபோது கூடவே கொண்டுவந்துவிட்டார். இடிந்த வீட்டில் இரண்டு அறைக்கு ஓடு போட்டு இருந்தார். செம்பைப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுப்பதென்பது அவருடைய முடிவு. எங்கள் தீவில் எங்கே கிணறு வெட்டினாலும் சுண்ணாம்புக் கல்தான். "இஞ்சத்தைப் பிள்ளையளுக்குச் செம்பெண்டால் குடமும் கறண்டுக் கம்பியும்தான். அது மண்ணிலை எப்பிடிக் கிடக்கும் எண்டு ஒருக்கால் கண்ணாலை காணட்டும்" என்றார். வேறு எதையும் அவர் யாரிடமும் கேட்டதில்லை.

நான் அப்போது அந்தப் பள்ளிக்கூடத்தில் ஆய்வுகூட உதவியாளன். பொருட்களைப் பதிவதற்கு அதிபர் என்னை அனுப்பினார். இரண்டு மாதம், பின்னேரங்களில், கரம்பொன்னில் அவர் சொல்ல நான் எழுதினேன். ஒவ்வொரு துண்டின் அடியிலும் கடுகளவு வெள்ளை மை பூசி, அதன் மேல் அவர் கையாலேயே இலக்கம் போட்டார். கொப்பியில் அந்த இலக்கத்துக்கு எதிரே எந்தக் குழி, எத்தனை அடி ஆழம், எந்த நாள். நான் ஒன்றுக்கு "மிக அழகான கிளை வடிவம்" என்று எழுதிவிட்டேன். பேனாவை வாங்கி வெட்டினார். "அழகு உம்மடை சொந்த அபிப்பிராயம், தம்பி. அதுக்குப் பேப்பர்க்காரர் இருக்கினம். நீர் இடத்தை எழுதும்." நான் அந்தக் காலத்தில் பத்திரிகைகளுக்குக் கவிதை மாதிரி ஏதோ எழுதிக்கொண்டிருந்தது அவருக்குத் தெரியும். பிறகு, செம்பை வைக்கும் கண்ணாடி அலுமாரியின் பூட்டும் திறப்பும் என்னிடம்தான் இருக்கப்போகின்றன என்று தெரிந்த நாளில், கதிரையை இழுத்து எனக்கு முன்னால் போட்டு இருந்து சொன்னார்: "ஒருத்தரும் உதைக் கழுவக் கூடாது. பச்சை ஊத்தையில்லை. செம்பும் தண்ணியும் காத்தும் சேந்து ஆயிரக்கணக்கான வருசம் செய்த வேலை அது. விளங்கினதோ?" நான் ஓம் என்றேன். விளங்கியும் இருந்தது.

புதிய ஆய்வுகூடத்தை வெளிநாட்டில் இருக்கும் ஒரு பழைய மாணவர் கட்டிக் கொடுத்திருந்தார். திறப்பு விழாவுக்கு அவரே வருகிறார் என்றவுடன் பள்ளிக்கூடத்துக்குக் காய்ச்சல் பிடித்தது. விழாக்குழுவின் தலைவர் ஓய்வுபெற்ற ஒரு அதிகாரி, எந்த விஷயத்திலும் கடைசிச் சொல் தன்னுடையதாக இருக்கவேண்டும் என்று நினைப்பவர். விழாவுக்கு முதல்நாள் அலுமாரியைக் குனிந்து பார்த்தவர் முகத்தைச் சுளித்தார். "என்ன உது, களிம்பு பிடிச்சுப்போய்க் கிடக்குது?" எங்கள் வீடுகளில் களிம்பேறிய செம்பென்றால் அது அந்த வீட்டுக்காரிக்கு மானக்கேடு. அதில் பால் ஊற்றினால் நஞ்சு, நிறைகுடம் வைத்தால் மூதேவி. சபைக்கு முன்னால் பச்சை பிடித்த நாற்பத்தொரு செம்பை வைப்பதை அவரால் நினைத்துப் பார்க்க ஏலாமல் போயிருக்கும்.

விழா அன்று காலை அதிபர் என்னிடம் அலுமாரித் திறப்பைக் கேட்டார். கண்ணாடி துடைக்க என்றார். கொடுத்துவிட்டு, வாடகைக் கதிரைகள் ஏற்ற லாண்ட்மாஸ்டர் உழவு மெசினோடு வேலணைக்குப் போனேன். போகும்போது கிணற்றடியில் ஒரு பெரிய சருவத்தில் புளி ஊறிக்கொண்டிருந்ததைக் கண்டேன். குத்துவிளக்குக்கு என்று நினைத்தேன் என்று இவ்வளவு காலமும் எல்லோருக்கும் சொல்லி வந்திருக்கிறேன்.

திரும்பி வந்தபோது மணம் வாசலிலேயே வந்துவிட்டது. கிணற்றடியில் ஏழெட்டுத் தாய்மார். சாம்பலும் புளியும் தேங்காய்த் தும்புமாக, சேலையை ஏற்றிச் செருகிக்கொண்டு, விடியப்புறம் தொடக்கம் தேத்தண்ணீரோடு நின்றவர்கள். சருவத்துத் தண்ணீர் பாசிக்குளம் போல் பச்சையாக இருந்தது. பாயில் வரிசையாக வெயிலில் காய்ந்தன நாற்பத்தொரு துண்டுகள், எங்கள் கடைத் தெருவில் தொங்கும் செம்புகளின் அதே கூசும் சிவப்பில். முருங்கைக் கொப்பின் நுனிகள் தும்புக்குள் போய்விட்டன. மயிர்க் கம்பிகள் ஒரு உருண்டை. "அண்ணை, பாருங்கோ, எப்பிடி வந்திட்டுது" என்றாள் ஒருத்தி, கன்னத்தில் சாம்பலோடு. "ஆம்பிளையளிட்டைத் திறப்பைக் குடுத்தால் உப்பிடித்தான் களிம்பேற விடுவியள்" என்று இன்னொருத்தி சொல்ல எல்லோரும் சிரித்தார்கள். நான் ஒரு துண்டை எடுத்துக் கவிழ்த்துப் பார்த்தேன். இலக்கம் இருந்த இடத்தில் வெறும் செம்பு. பாயிலேயே வைத்துவிட்டுக் கதிரை இறக்கப் போனேன்.

ரீச்சர் இரண்டாம் வரிசையில், மஞ்சள் கரை வைத்த வெள்ளைச் சேலையோடு இருந்தார். பிரதம விருந்தினராக வந்த அந்தப் பழைய மாணவர் நாடா வெட்டி, அலுமாரிக்கு முன் நின்று, தங்கம் மாதிரி மினுங்குது என்றார். படம் எடுத்தார்கள். பேச்சுகள் முடிந்து எல்லோரும் பலகாரத்துக்கு எழும்பியபோது ரீச்சர் அலுமாரியடிக்குப் போனார். ஒன்றை எடுத்துக் கவிழ்த்தார். வைத்தார். அடுத்ததை எடுத்தார். பிறகு அதற்கடுத்தது. தலைவர் பின்னால் வந்து, "எப்பிடி ரீச்சர்? புதுசு மாதிரி ஆக்கிப்போட்டம்" என்றார். ரீச்சர் திரும்பாமலே, "இதுக்குக் கடையிலை நாலு செம்பு வாங்கி வைச்சிருக்கலாமே" என்றார். அவ்வளவுதான். கொடுத்த தேத்தண்ணீரைக் குடித்தார். பஸ்ஸுக்கு நடந்தார்.

கல்லுத்தானே என்றார்கள் பிறகு. வயது போனால் உப்பிடித்தான் என்றார்கள். செய்த உதவிக்கு நன்றியில்லை என்று விழாக்குழுக் கூட்டத்தில் ஒருவர் சொல்ல மற்றவர்கள் தலையாட்டினார்கள். நான் தேத்தண்ணீர்த் தட்டோடு வாசலில் நின்றேன். விழா மலரில் கட்டடம் தந்தவரின் முழுப்பக்கப் படம், நாடா பிடித்தவரின் படம், அலுமாரி செய்த தச்சரின் பெயர் கூட. ரீச்சரின் பெயர் இல்லை. சொல்லுங்கள், நாங்கள் என்ன சாதிச் சனம்? நூறு வருடம் உப்புக்காற்றுத் தின்ற கோயில் கருங்கல் தூணுக்கு எனாமல் பெயின்ற் அடிக்கிறோம், நீலமும் றோசும். கடல்கல் மதிலைச் சீமெந்தால் மூடிக் கோடு கீறிச் செங்கல் என்கிறோம். எதன் மேலாவது காலம் இருந்தால் எங்களுக்கு அது அழுக்கு, தேய்த்து எடுக்கும் வரைக்கும் கை அரிக்கிறது. இருபது வருடம் ஆளில்லாமல் கிடந்து, இடிபட்டு, களவு போய், பற்றை மூடிய தீவு இது. எது எங்கேயிருந்து வந்தது, யார் எடுத்தது, எந்த நாள் என்று எழுதி வைத்த ஒரே ஒரு அலுமாரி எங்களிடம் இருந்தது. அதை ஒரு காலைப்பொழுதில் பாத்திரமாக்கினோம். தலைவர் இப்போதும் கோயில் வீதியில் என்னைக் கண்டால் கை உயர்த்துகிறார். நான் சைக்கிள் மணியைப் பார்க்கிறேன்.

இரண்டு கிழமைக்குப் பிறகு ரீச்சர் கொப்பியோடு வந்தார். தனக்குப் பிடித்த சிலதற்கு அதில் பென்சிலால் படம் கீறியிருந்தார். படத்தையும் செம்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பி, பதினேழைக் கண்டுபிடித்தோம். மீதி இருபத்துநாலுக்கும் ஒரு குத்துமதிப்பாக இலக்கம் போடலாம், ஆர் பார்க்கப் போகினம் என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வைக்கு நான் பேனாவை மூடினேன். "தெரியாது எண்டு எழுதும்" என்றார். இருபத்துநாலு தரம் எழுதினேன்.

அந்த வருடக் கடைசியில் கண் மங்கத் தொடங்க, மகன் வந்து கூட்டிக்கொண்டு போனார். கொழும்புக்குப் போகும் வான் கரம்பொன்னில் படலையடியில் நின்றது. றங்குப்பெட்டி இந்த முறை இல்லை, ஒரு கைப்பை மட்டும். நான் கொப்பியைக் கொண்டுபோயிருந்தேன், கடைசிப் பக்கத்தைக் காட்ட. இந்தப் பொருட்கள் விழாத் தினத்தன்று விழாக்குழுவின் உத்தரவின்படி தாய்மாரால் புளியிட்டு மினுக்கப்பட்டன என்று நல்ல கையெழுத்தில் எழுதியிருந்தேன். கோபத்தோடு எழுதியது, அவர் மெச்சுவார் என்றும் நினைத்து எழுதியது. கண்ணுக்குக் கிட்டப் பிடித்து வாசித்தார். மகன் நேரமாகிறது என்று வானுக்குள்ளிருந்து சொன்னார். ரீச்சர் ஏறி இருந்து, கதவை மூடாமல், கொப்பியை என் கையில் திருப்பி வைத்தார்.

"தாய்மாரை வெட்டும், தம்பி. அவையளுக்கு ஒருத்தரும் சொல்லேல்லை. உமக்கு நான் சொன்னனான். அதிலை உம்மடை பேரை எழுதும்."