அப்பா எரித்த ஆப்பிள் கன்றுகள்

எங்கள் அப்பாவின் காரியத்துக்கு வந்திருக்கும் உற்றார் உறவினருக்கும் நண்பர்களுக்கும் மூத்த மகளின் வணக்கம். அப்பாவைப் பற்றி எழுதுவதென்றால் அவருடைய பயத்தையும் எழுத வேண்டும். மறைத்தால் பாதி மனிதரைத்தான் சொன்னதாகும்.

அப்பா மன்னார்குடிப் பக்கம் பிறந்தவர். பெரிய யுத்தத்துக்கு முன்பே கப்பலேறி மலாயாவின் கிள்ளானுக்கு வந்து, ஒரு துரையின் பழத்தோட்டத்தில் சேர்ந்தார். காட்டை வெட்டி ரம்புத்தானும் மங்குஸ்தீனும் வைத்துக்கொண்டிருந்த காலம் அது. பட்டுப்போன மரத்தை அன்றைக்கே எரித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் கரையான் நல்ல மரத்திலும் ஏறிவிடும் என்பது தோட்டத்துச் சட்டம்.

துரைக்கு ஆப்பிள் வளர்க்க ஆசை. தம் ஊரிலிருந்து பன்னிரண்டு கன்றுகள் வரவழைத்தார். பெட்டி வந்தபோது அவர் கோலாலம்பூரில் இருந்தார். அப்பா திறந்து பார்த்தார். ஒன்றிலும் ஓர் இலைகூட இல்லை. குளிர் நாட்டு மரம் இலையை உதிர்த்துவிட்டு உயிரோடு இருக்கும் என்பது இங்கே யாருக்குத் தெரியும்? செத்துவிட்டதென்று பதினொன்றை நெருப்பில் போட்டுவிட்டார். பன்னிரண்டாவதை எடுத்தபோது நகம் பட்டுப் பட்டை உரிந்தது. உள்ளே பச்சை.

அம்மா வயிற்றில் அப்போது நான். வேலை போனால் தோட்டத்தில் குடியிருக்கக் கொடுத்த லயத்து அறையும் போய்விடும்.

"உசுரோட எரிச்சிட்டேனே, துரைகிட்ட என்னத்த சொல்லுவேன்?" என்று அப்பா அம்மாவிடம் புலம்பினாராம்.

"நடந்தத சொல்லிடுங்க. பொய் சொன்னா இன்னும் பயமா இருக்கும்" என்றாராம் அம்மா.

சொன்னார். துரை சாம்பலைப் பார்த்தார். திரும்பி உள்ளே போய்விட்டார். வேலை போகவில்லை. ஆனால் இன்று போகும், நாளை போகும் என்று அப்பா வருஷக்கணக்காகப் பயந்தார். மிஞ்சிய கன்று துளிர்த்தது. பூக்காமலேயே அழுகியும் போனது. அதன் பிறகு நகத்தால் சுரண்டிப் பாராமல் எந்த மரத்தையும் அவர் வெட்ட விட்டதில்லை. எங்களுக்குக் காய்ச்சல் வந்தால் மூக்கருகே விரல் வைத்துப் பார்ப்பார். நாங்கள் கேலி செய்வோம்.

அப்பா கண்மூடிய காலையில், உள்ளே இன்னும் உயிர் இருக்குமோ என்ற அந்தப் பயம் என்னைப் பிடித்துக்கொண்டது. "முடிஞ்சிருச்சும்மா" என்றார் சித்தப்பா. நான் அப்பாவின் விரல் நகங்களை அழுத்தி அழுத்திப் பார்த்தேன். பாடை கட்டிய பிறகும் வழிமறித்து, "கொஞ்சம் பொறுங்க" என்றேன். கோபிக்காமல் எல்லாரையும் உட்காரவைத்த சித்தப்பாவுக்கும், வெயிலில் காத்திருந்த தோட்டத்து மக்களுக்கும், தோள் கொடுத்தவர்களுக்கும் என் நன்றி.

நம் பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை. அதனால் தம்பியின் காதில், "கொள்ளி வைக்கிறதுக்கு முன்னாடி இன்னொரு தடவ பாருடா" என்றேன். அவனுக்கும் ஒரு நன்றி. திரும்பி வந்தவன், நான் கேட்கும் முன்பே சொன்னான்:

"மூணு தடவ பாத்தேன்க்கா."