வலிக்கு ஒரு நாற்காலி

வியாழக்கிழமை காலை அந்த அறைக்குப் போனேன். பூட்டிய கதவில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. முன்பெல்லாம் யாராவது வந்து படித்துச் சொல்லும்வரை நிற்பேன். அன்று நானே எழுத்துக்கூட்டினேன். ச, பு, ரா. சபுரா. டாக்டரம்மாவின் பெயரை நானே படித்துவிட்ட சந்தோஷத்தில் சிரித்தேன். அடுத்த சொல்லையும் கூட்டினேன். காலமானார்.

பனியன் கம்பெனிகளில் இடுப்பும் கழுத்தும் போனவர்களுக்கு டாக்டரம்மாவின் அந்த சிகிச்சை அறையைத் தெரியும். நான் கட்டிங் மாஸ்டர். அடுக்கி விரித்த துணியில் ஒரு வெட்டு தப்பினால் அடுக்கு முழுவதும் வீண். இடுப்பில் வலி ஏறினால் அளவுகள் மனதிலிருந்து நழுவிவிடும். "சரியாயிட்டு வாங்க மாஸ்டர். இல்லீன்னா ஊட்டோட இருந்துக்கங்க" என்றுவிட்டார் முதலாளி. அந்த மேசையை விட்டால் எனக்கு வேறு இடம் இல்லை.

டாக்டரம்மா உடற்பயிற்சியெல்லாம் முடித்து என்னைக் கம்ப்யூட்டர் முன் உட்காரவைத்தார். எக்ஸ்போர்ட் ஆபீஸில் செருப்பைக் கழற்றிவிட்டு எட்டிப் பார்க்கும் பொருள் அது. இங்கேயும் கழற்றினேன்.

"இதுல விளையாடுனா வலி போயிருங்களா?"

"போயிரும்னு பொய் சொல்ல மாட்டனுங்க மாஸ்டர். வலி இருக்கறப்பவே புத்தி வேலைல நிக்கோணும். அதுக்குப் பழக்கறதுதான் இது."

திரையில் மூடிய கட்டங்களைத் திறந்து பார்த்து, ஒரே நிறம் எங்கெங்கே இருக்கிறது என்று நினைவில் வைத்துச் சேர்க்கவேண்டும். நான் ஒரு ஜோடிகூடச் சேர்க்கவில்லை.

"ஏனுங்க, ஞாபகம் நிக்கலீங்களா?"

"நிக்குதுங்க. ஆனா நடுவுல இருக்கற நீலமும் ஓரத்து நீலமும் வேற ஷேடுங்க. ரெண்டையும் ஒரே பனியன்ல வெச்சா பார்ட்டி திருப்பி அனுப்பீருவான்."

பக்கத்தில் கழுத்துப் பட்டையோடு இருந்த டைலர் ராசாத்தி விடவில்லை. "மாஸ்டரு கம்ப்யூட்டரையே ரிஜெக்ட் பண்ணீட்டாருங்கோ!"

டாக்டரம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நிறம் ஒன்றுதான், பழைய திரையின் ஓரம் மங்கல் என்று விளக்கினார். புரிந்தது, ஆனாலும் அவற்றைச் சேர்க்கக் கை வரவில்லை. அவர் கோபிக்கவில்லை. கம்ப்யூட்டர் பார்க்கும் தம்பியிடம் சொல்லி, மறுவாரம் நிறங்களுக்குப் பதிலாக எழுத்துகளைப் போட்டுவிட்டார். "இந்த எழுத்துக்கு ஷேடு கெடையாதுங்க. சேர்த்துங்க பாப்போம்."

எனக்கு அவை காலர், கை என்று வெட்டி வைத்த துண்டுகள்போலத்தான் தெரிந்தன. சேர்த்துச் சேர்த்துப் பழகியபின் ஒருநாள், "இதுக்குப் பேரென்னங்க?" என்று கேட்டேன். அவர் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, "அ" என்றார். நான் படிக்கத் தொடங்கியது அப்படித்தான். அவசரப்பட்டால், "மெதுவாங்க மாஸ்டர், எந்த பஸ்ஸும் போயிரப்போறதில்ல" என்பார்.

முதலாளி ஒரு அடுக்கு வெட்டிக் காட்டச் சொன்ன அன்று டாக்டரம்மாவும் கூட வந்தார். பாதி வெட்டில் வலி ஏறியது. மெஷினை நிறுத்தினேன். எல்லோரும் பார்த்தார்கள். அவர் ஒரு நாற்காலியைத் தூக்கிவந்து என் பக்கத்தில் வைத்தார். நான் உட்காரப் போனேன்.

"உங்களுக்கு இல்லீங்க, வலிக்கு. அது பாட்டுக்கு உக்காந்திருக்கட்டும். மேசைய மட்டும் அதுக்கு உட்டுக்குடுத்தராதீங்க."

சிரிப்பு வந்துவிட்டது. அளவுகள் நழுவவில்லை. வெட்டி முடித்தேன். முதலாளி மேல் பீஸையும் அடிப் பீஸையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து அளவு பார்த்தார். "நாளைக்கு நேரத்துல வந்துருங்க மாஸ்டர்" என்றார்.

இதை எழுத எனக்குப் பல நாள் ஆயிற்று. இடுப்பு இன்னும் வலிக்கிறது. பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டிருக்கிறேன், வலி அதில் உட்கார்ந்திருக்கிறது. மேசையில் நான் டாக்டரம்மாவின் பெயரை எழுதிக்கொண்டிருக்கிறேன்.