கடைக்காரரின் ஆள்

செங்கல்பட்டு பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு சந்தில், மருந்துக் கடைக்கு மேல் மாடியில், பழைய நாணயங்கள் விற்கும் கடை இருக்கிறது. சிறுசேரியில் வேலை பார்க்கும் எனக்குச் சனிக்கிழமை விடுமுறை. மாதத்தில் ஒரு சனிக்கிழமையாவது அந்த மாடிப்படி ஏறிவிடுவேன். நாணயம் சேர்க்கும் பெண்கள் குறைவு என்பதால் கடைக்காரர் என்னை நன்றாக ஞாபகம் வைத்திருந்தார். அதுவே எனக்குப் பிடிக்கவில்லை. ஆளை ஞாபகம் வைத்திருப்பவர், இவளுக்கு எது பிடிக்கும், எவ்வளவு வரை கொடுப்பாள் என்பதையும் சேர்த்துத்தானே வைத்திருப்பார்?

நான் அப்படி நினைப்பதற்குக் காரணம் உண்டு. நாணய ஆசை வந்த புதிதில் மாமல்லபுரத்தில் நடைபாதையில் ஒருவரிடம் வெள்ளி ரூபாய் என்று ஒன்று வாங்கினேன். விலையைப் பாதியாகக் குறைத்துவிட்ட பெருமையோடு வீட்டுக்கு வந்து காந்தத்தை வைத்தால், ஒட்டிக்கொண்டது. அதிலிருந்து என் கைப்பையில் ஒரு குட்டித் தராசும் காந்தமும் பூதக்கண்ணாடியும் இருக்கும். என் கணவர் சிரிப்பார். சிரிக்கட்டும்.

நான் வெகுநாளாகத் தேடிக்கொண்டிருந்தது டச்சுக்காரர்கள் அடித்த செப்புக் காசு. சதுரங்கப்பட்டினம் கோட்டையில் அவர்களுடைய கல்லறைகளைப் பார்த்த நாளிலிருந்து அந்த ஆசை. ஒரு சனிக்கிழமை கடைக்காரர் தட்டை என் பக்கம் நகர்த்தியபோது, ஓட்டைக் காலணாக்களுக்கு நடுவில் அது கிடந்தது. ஒரு பக்கம் டச்சுக் கம்பெனியின் அடையாளமாக ஒன்றோடொன்று பின்னிக்கொண்ட மூன்று எழுத்துகள். தெளிவாகவே தெரிந்தன.

பிடித்ததைக் கையில் எடுக்கக்கூடாது என்பது நான் வைத்திருக்கும் விதி. வேறு இரண்டு காசுகளை விசாரித்துவிட்டு, போகிறபோக்கில் அதைக் கேட்டேன். கடைக்காரர் உடனே விலை சொல்லவில்லை. அது விற்பதற்கு இல்லை, ஒருவர் கேட்டிருக்கிறார் என்றார். அப்புறம், நமக்குள் என்ன, ரெண்டாயிரத்து ஐநூறு கொடுங்கள் என்றார். நான் எண்ணூறு என்றேன். அவர் காசைத் திரும்பத் தட்டில் வைத்து மூடினார்.

அந்த நேரம் பார்த்து ஒருவர் மேலே வந்தார். ஐம்பது வயதிருக்கும். வெயிலில் காய்ந்த முகம், மடித்துக் கட்டிய கைலி. நேராக அதே தட்டைத் திறக்கச் சொல்லி, அதே காசை எடுத்துப் பார்த்தார்.

"அம்மா எடுக்கலைன்னா நான் எடுத்துக்குறேன்" என்றார்.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இவர் விலையை ஏற்றிவிடக் கடைக்காரர் வைத்திருக்கும் ஆள். நான் பேரம் பேசுவது கீழே வரை கேட்டிருக்கும். சமயம் பார்த்து ஏறி வந்திருக்கிறார். எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு இறங்கினேன். அவர் வாங்க மாட்டார் என்று தெரியும்.

வாங்கவில்லை. இரண்டு வாரம் கழித்துப் போனபோது காசு அங்கேயே இருந்தது. அவரும் இருந்தார், ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டு. என்னைப் பார்த்ததும் கடைக்காரரைப் பார்த்தார். கடைக்காரர் என்னைப் பார்த்தார். விலை இப்போது ரெண்டாயிரத்து எழுநூறு. நான் உட்காரவே இல்லை.

மாமல்லபுரம் பக்கத்துக் குப்பம் ஒன்றில் ஞாயிற்றுக்கிழமை காலையில் நாங்கள் மீன் வாங்குவது வழக்கம். அடுத்த வாரம் போனபோது மணலில் ஏலம் நடந்துகொண்டிருந்தது. கூட்டத்துக்கு நடுவில் கூடையைக் காலால் தள்ளி விலை கூவிக்கொண்டிருந்தவர் அவரேதான். என்னைப் பார்த்ததும் கூவுவதை ஒரு நொடி நிறுத்தினார். ஏலம் முடிந்ததும் நேராக என்னிடம் வந்தார்.

"இன்னாக்கா, வெல ஏத்தி வுட கடைக்காரரு எவ்ளோ தராரு ஒங்களுக்கு?"

எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கேள்வியை நான்தான் அவரைக் கேட்டிருக்க வேண்டும் என்றேன். அவர் சற்று விழித்தார். பிறகு பக்கத்தில் இருந்த படகைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். அவர் போகும்போதெல்லாம் கடைக்காரர், ஒரு மேடம் கேட்டிருக்கிறார்கள் என்றாராம். ஒருவர் கேட்டிருக்கிறார் என்று என்னிடம் சொன்னதும் பொய் இல்லைதான், அந்த ஒருவர் இவர். எங்கள் இருவரையும் வைத்தே கடைக்காரர் விலையை ஏற்றியிருக்கிறார்.

"ஏலத்துல நாங்களே சமயத்துல ஆள் நிறுத்துவோம். அதான் ஒங்கள அப்டி நெனச்சிட்டேன்" என்றார்.

இதை அவர் வெகுளியாகத்தான் சொன்னார். ஆனால் ஆள் நிறுத்தத் தெரிந்தவரை எப்படி நம்புவது என்று என் மனம் அங்கேயே ஓடியது.

புயலுக்குப் பிறகு கடல் மணலை அரித்துக்கொண்டு போகும்போது அந்தக் கரையில் சின்னச் செப்புக் காசுகள் அகப்படுமாம். அவரிடம் சில இருக்கின்றன, எல்லாம் தேய்ந்தவை. தெளிவான காசு ஒன்று கிடைத்தால் ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்றுதான் அவர் கடைக்குப் போனது. காசை நீங்களே வாங்கிக்கொள்ளுங்கள், எனக்கு ஒரு தடவை பார்க்கக் கிடைத்தால் போதும் என்றார். விலை இறங்கட்டும் என்று ஒரு மாதம் இருவரும் கடைப்பக்கம் போவதில்லை, பிறகு நான் மட்டும் போவது என்று பேசிக்கொண்டோம். இத்தனை சுலபமாக விட்டுக்கொடுக்கிறாரே என்று காரில் வரும்போது கணவரிடம் சொன்னேன். அவர் மீன் நாறாமல் கண்ணாடியை இறக்குவதிலேயே குறியாக இருந்தார்.

மாதம் முடிந்து போனேன். தட்டில் காசு இல்லை.

"நேத்தே அந்த அண்ணாத்த வந்து எடுத்துகினு போய்ட்டாரே மேடம்" என்றார் கடைக்காரர்.

அவர் முகத்தில் அனுதாபம் இருந்தது. அதைத்தான் தாங்க முடியவில்லை. அன்று கரையில் வாங்கிக்கொண்ட ஏலக்காரரின் எண் என் போனில் இருந்தது, கூப்பிடவில்லை. கூப்பிட்டு என்ன கேட்பது? மறுநாள் காலை வழக்கத்தைவிடச் சீக்கிரமாகவே குப்பத்துக்குக் கிளம்பினேன்.

என்னைத் தூரத்தில் பார்த்ததுமே அவர் கையை உயர்த்தினார். சட்டைப்பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து நீட்டினார். கடைக்காரர் சரக்கு மொத்தத்தையும் ஏதோ கண்காட்சிக்கு அனுப்பப் போவதாகக் காதில் விழுந்ததாம். போய்விடும் என்று ஓடிப்போய் வாங்கிவிட்டார். ஆயிரத்து இருநூறு கொடுத்தாராம். அதைக் கொடுத்தால் போதும் என்றார்.

நான் நன்றி சொல்லியிருக்க வேண்டும். கைப்பையைத் திறந்து தராசை எடுத்தேன். கடையில் பார்த்த அதே காசா, இல்லை நடைபாதைச் சரக்கா என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். மீன்காரப் பெண்கள் சுற்றி நின்று பார்த்தார்கள். கடற்காற்றில் தராசின் எண்கள் நிற்காமல் ஆடின. அவர் குனிந்து, இரண்டு கைகளையும் குவித்துத் தராசைச் சுற்றி அணைபோல வைத்தார். எண்கள் நின்றன. எடை சரியாக இருந்தது. உருக்கி ஊற்றிய போலிகளின் விளிம்பில் இருக்கும் வார்ப்புக் கோடும் இல்லை.

"நானா இருந்தாலும் போட்டுத்தான் பாப்பேன்க்கா" என்றார்.

போனிலேயே பணம் அனுப்பினேன்.

விஷயம் அதோடு முடிந்திருக்கும். அடுத்த முறை செங்கல்பட்டுக் கடைக்குப் போனபோது, அந்த டச்சுக் காசைப் பற்றி நானாகவே பேச்செடுத்தேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். கடைக்காரர் பெருமூச்சு விட்டு, அந்த ஆள் கெஞ்சினதில் எண்ணூறுக்கே கொடுத்துவிட்டேன், நீங்கள் முதலில் கேட்ட விலைதான் என்றார்.

நானூறு ரூபாய் பெரிய தொகை இல்லை. ஆனால் இருவரில் ஒருவர் பொய் சொல்கிறார். கேட்டுவிடுவது என்று அந்த ஞாயிற்றுக்கிழமை காசையும் எடுத்துக்கொண்டு போனேன். அவர் தன் காசுகளை ஒரு பழைய டப்பாவில் போட்டுக் கொண்டுவந்து, படகின் நிழலில் துணி விரித்து, என் காசுக்குப் பக்கத்தில் ஒவ்வொன்றாக வைத்தார். என் பூதக்கண்ணாடியை வாங்கி வெகுநேரம் பார்த்தார். மூன்றாவது காசில் அந்த மூன்று எழுத்துகளின் ஓரம் மட்டும் மங்கலாகத் தெரிந்தது.

"இது நம்ம கரையில கெடச்சதுக்கா" என்று என்னிடம் நீட்டினார்.

நான் கேட்க வந்ததைக் கேட்கவில்லை. இன்றுவரை கேட்கவும் இல்லை. ஒரு வாரம் கடைக்காரர்மேல் சந்தேகம் வருகிறது, மறு வாரம் இவர்மேல். கடைக்கும் போகிறேன், குப்பத்துக்கும் போகிறேன்.