வேப்பிலைக்குள் ஒளித்த காய்ச்சல்

இரண்டு வருடத்துக்கு முன்பு, பங்குனி வெயில் ஏறத் தொடங்கிய சமயம். ராஜபாளையத்தில் எங்கள் வீட்டில் ஒரு காலையில் தொடங்கி மறுநாள் காலை வரை நடந்தது இது.

எனக்கு மார்பில் புற்றுநோய். மதுரையில் ஆபரேஷன் முடிந்து கீமோ போய்க்கொண்டிருந்தது. அதற்கு முன்பு பன்னிரண்டு வருடம் பேண்டேஜ் துணி கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்து நாற்பது பேரை மேய்த்தவள் நான். சும்மா படுத்துக் கிட என்றால் எனக்குப் பைத்தியமே பிடித்துவிடும். நல்லவேளை, முடிந்தவரை தினமும் அரை மணி நேரம் நடக்கச் சொல்லி டாக்டரே உத்தரவு கொடுத்துவிட்டார்.

துணைக்கு வந்தவர் அடுத்த தெருவில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் அக்கா. அவருக்குச் சர்க்கரை வியாதி. எனக்கு முடி கொட்டி, தலையில் துணி கட்டிக்கொண்டு வந்த முதல் நாள், தன் முக்காட்டைச் சரிசெய்தபடியே, "இப்பத்தான் ஏட்டி நம்ம ரெண்டு பேரும் அக்கா தங்கச்சி மாதிரி இருக்கோம்" என்றார். நடுரோட்டில் நின்று சிரித்தோம். ரயில்வே ஸ்டேஷன் வரை போய்த் திரும்புவோம். நடக்கும்போது பயம் தெரியாது. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றியதும்தான் அது பக்கத்தில் வந்து உட்காரும்.

கீமோ தொடங்கிய அன்றே ஆஸ்பத்திரியில் ஒரு அட்டை கொடுத்திருந்தார்கள். ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும், காய்ச்சல் வந்தால் எந்த நேரமானாலும் உடனே வந்துவிட வேண்டும் என்று சிவப்பு எழுத்தில் போட்டிருந்தது. நான் அதை மனப்பாடமாக வைத்திருந்தேன், வீட்டில் வேறு யாரும் அதைப் படித்ததில்லை. ஆனால் முதல் இரண்டு கீமோ ஊசிக்கும் என் பக்கத்து நாற்காலியில் இருந்த கூமாப்பட்டிக்காரப் பெண் ஒருத்தி, நடுவில் காய்ச்சல் என்று போய்ப் படுத்தவள், திரும்பவே இல்லை. மூன்றாவது ஊசிக்குப் போனபோது அந்த நாற்காலியில் வேறு யாரோ இருந்தார்கள். நர்ஸிடம் கேட்டேன். அவர் குனிந்து என் கையில் நரம்பு தேடினார்.

மூன்றாவது ஊசி போட்ட ஒன்பதாம் நாள் காலையில் எனக்கும் உடம்பு கொதித்தது. இடுப்பைச் சுற்றி ஒரு பக்கமாகக் கொப்புளங்கள், நெருப்பு வைத்த மாதிரி எரிச்சல். யாரிடமும் சொல்லவில்லை. அக்காவுக்கு மட்டும், அசதியாக இருக்கிறது, இன்று நடக்க வரவில்லை என்று போன் செய்தேன்.

அன்றைக்குப் பார்த்து, என் மதினி, அதாவது என் கணவரின் அக்கா, ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்திருந்தார். எனக்குக் குணமாக வேண்டும் என்று மாரியம்மனுக்குப் பூக்குழி இறங்கித் தீ மிதிக்க நேர்ந்துகொண்டு விரதம் இருந்தவர். நான் முனகுவதைக் கேட்டு என் சேலையை விலக்கிய மதினி, கொப்புளத்தைப் பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "ஆத்தாளே உன்னைப் பாக்க வந்துட்டா. இனி பயமில்லை" என்றார். நிலைப்படியில் வேப்பிலை ஏறியது. என்னை வேப்பிலைமேல் படுக்க வைத்தார்கள். மாத்திரை கூடாது. வெளியாள் வரக் கூடாது. என் கணவர் தெர்மாமீட்டரை எடுத்தபோது, "ஆத்தாளை அளக்கக் கூடாதுடா தம்பி" என்று மதினி அதை வாங்கிப் பரணில் வைத்துவிட்டார். "டாக்டருட்ட ஒரு வார்த்தை கேட்டுருவோமா?" என்று கணவர் என் முகத்தைப் பார்த்தார்.

நான் வேண்டாம் என்று தலையாட்டினேன்.

ஏன் ஆட்டினேன் என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பக்தியால் இல்லை. எனக்கு அது அம்மையாக இருக்க வேண்டும் என்று ஆசையாக இருந்தது. அம்மைக்கு வழி தெரியும். மூன்று தண்ணீர் ஊற்றினால் இறங்கிவிடும். ஆனால் காய்ச்சல் என்று மதுரைக்குப் போனால் அந்த நாற்காலி காலியானதுபோல என் நாற்காலியும் காலியாகிவிடும் என்று நடுங்கினேன். அந்த வேப்பிலைக்குள் ஒளிந்துகொண்டேன்.

அன்று பகல் முழுக்கக் குளிரில் பல் அடித்துக்கொண்டது. சாயங்காலத்துக்கு மேல் எரிச்சல்கூடத் தெரியவில்லை, அதுதான் பெரிய பயமாக இருந்தது. என் பையன் பிளஸ் டூ பரீட்சை எழுதிக்கொண்டிருந்தான். அவன் ரிசல்ட்டைப் பார்ப்பேனா என்று கணக்குப் போட்டுக்கொண்டே கிடந்தேன். அப்போதும் அந்த அட்டையைப் பற்றி வாய் திறக்கவில்லை.

மறுநாள் காலை ஆறரைக்கு வாசலில் அக்காவின் குரல். வேப்பிலையைப் பார்த்துவிட்டு வெளியிலேயே நின்று, "எப்படி இருக்கா?" என்று கேட்டார். நன்றாகத்தான் இருக்கிறேன் என்று காட்ட எழுந்து நடந்தேன். நாலு எட்டு வைத்திருப்பேன். கால் துணி மாதிரி மடங்கியது. அக்கா ஓடி வந்து பிடித்தார். நெற்றியில் கை வைத்தவர் சட்டென்று எடுத்துக்கொண்டார். "காய்ச்சல் வந்தா என்ன செய்யணும்னு சொன்னாக?" என்று கேட்டார். நான் அழுதேன். அதிலேயே அவருக்குப் புரிந்துவிட்டது.

மதினி குறுக்கே வந்து நின்றார். "ஆத்தா இருக்கையில ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனா குத்தமாயிரும் தாயி" என்றார். அக்கா கோபப்படவில்லை, வாதாடவும் இல்லை. "ஆத்தாளை ஏன் விட்டுட்டுப் போறீக? அவளையும் கூட்டிக்கிட்டே போவோம். வேப்பிலையோடயே கார்ல ஏறட்டும்" என்றார். மதினியே நிலைப்படியிலிருந்து ஒரு கொத்து ஒடித்து என் கையில் கொடுத்தார்.

அக்கா கடை திறக்காமல் எங்களோடு ஏறிக்கொண்டார். விரதக்காரர் ஆஸ்பத்திரிக்கு வரக் கூடாது என்று மதினி ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கினார். கார் நகரும்போது கண்ணாடி வழியே பார்த்தேன். மஞ்சள் சேலையில் ரோட்டோரம் நின்று வாயைப் பொத்தி அழுதுகொண்டிருந்தார். இதுதான் கடைசியாகப் பார்ப்பது என்று இரண்டு பேருமே நினைத்திருக்கிறோம்.

மதுரையில் ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டர், வெள்ளை அணுக்கள் ஏறக்குறைய இல்லவே இல்லை என்றார். கொப்புளம் அக்கியாம். அம்மைக்கும் அக்கிக்கும் ஒரே கிருமிதானாம். "அம்மையாவே இருந்தாலும் உங்களுக்கு மருந்து வேணும்மா. இன்னும் அரை நாள் விட்டிருந்தீங்கன்னா..." என்று நிறுத்திக்கொண்டார். எட்டு நாள் தனி அறை. நான்காம் நாள் கட்டிலிலிருந்து ஜன்னல் வரை நடந்தேன், எட்டே எட்டு அடி. மறுநாள் அதையே ஐந்து தடவை. டிரிப் ஸ்டாண்டையும் தள்ளிக்கொண்டு நடந்ததைக் கதவுக் கண்ணாடி வழியே பார்த்து அக்கா வெளியில் நின்று கை தட்டினார். அந்த வாரமே மதினி பூக்குழி இறங்கினார்.

இப்போது சிகிச்சை முடிந்துவிட்டது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனைக்குப் போகிறேன். ஆனால் மதினி இன்றுவரை, "என் அறியாமையால உன்னைக் கொல்லப் பாத்தேனே" என்று சொல்லிச் சொல்லி மறுகுகிறார். அவருக்குத் தெரியாது, தெரிந்தவள் நான்தான் என்று. அட்டையில் இருந்ததை ஒரு வரி சொல்லியிருந்தால் அவரே என்னைத் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பார். என் கோழைத்தனத்தை இரண்டு வருடமாக அவர் தலையில் சுமக்க விட்டிருக்கிறேன். இப்போது எழுதியிருக்கும் இதை முதலில் மதினிக்குத்தான் வாசித்துக் காட்டப் போகிறேன். அதற்கும் பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் பயத்தை வாய் திறந்து சொல்லாமல் வைத்திருந்தால் அது என்ன செய்யும் என்பதை அந்த ஒரு நாள் எனக்குக் காட்டிவிட்டது.