அண்ணா சொன்ன 'ஓம்'

கடந்த செவ்வாய்க்கிழமை எங்கள் வெள்ளவத்தை பிளாட்டுக்கு ஒரு பெண் வந்தாள். பெயர் ஷிப்னா. பேச்சுப் பயிற்சி கொடுப்பவள். தோளில் பெரிய பை, முகத்தில் கொழும்புக் காலி வீதி பஸ்ஸில் நெரிபட்டு வந்த களைப்பு.

அவள் பார்க்க வந்தது என் அண்ணா சந்திரனை. வயது அறுபத்து நாலு. ஏழு மாதத்துக்கு முன் பாரிசவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. மிஞ்சியவை இரண்டே சொற்கள்: 'ஓம்', 'இல்லை'.

இந்தப் பத்தியை வாராவாரம் வாசிப்பவர்களுக்கு இது தெரிந்த செய்திதான். அப்போது எத்தனை பேர் ஆறுதலாக எழுதினீர்கள்! 'இரண்டு சொல் இருந்தால் போதும், சமாளித்துவிடலாம்' என்று நானும் பதில் எழுதினேன். கொஞ்சம் பெருமையாகவே.

ஷிப்னா மேசையில் இரண்டு அட்டைகளை வைத்தாள். ஒன்றில் பச்சை நிறத்தில் சரி அடையாளம். மற்றதில் சிவப்பில் பிழை அடையாளம்.

"அங்கிள், ஒங்கட பேர் சந்திரனா?"

"இல்லை" என்றார் அண்ணா. ஆனால் அவருடைய இடது கை விரல் பச்சை அட்டையைத் தொட்டது.

"ஒங்கட பேர் ராமநாதனா?"

"ஓம்." விரல் சிவப்பில்.

பத்துக் கேள்விகள் கேட்டாள். விரல் பத்திலும் சரி. வாய் ஆறில் பிழை.

ஷிப்னா என் பக்கம் திரும்பினாள். "அன்டி, அவருக்கு எல்லாம் வெளங்குது. ஆனா மனசுல ஈக்கிறது ஒண்டு, வாயில வாரது ஒண்டு. இந்த வருத்தத்துல சிலருக்கு ஓமும் இல்லையும் மாறி மாறி வரும். அவர்ட வாய நம்பி ஒண்டும் முடிவெடுக்க ஏலா."

நான் தேநீர்த் தட்டைப் பிடித்தபடி நின்றேன். கீழே வைக்கவும் தோன்றவில்லை. முடிவெடுக்கக் கூடாதாம்... நான் எடுத்து முடித்து ஐந்து மாதம் ஆகிவிட்டதே!

அண்ணா கல்யாணம் செய்யவில்லை. துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கப்பல் ஏஜென்சியில் வேலை. கொட்டாஞ்சேனையில் ரோஸ்மேரி அக்கா வீட்டு மேல்மாடி அறையில் முப்பத்தோரு வருடம் தனியாக வாடகைக்கு இருந்தார். ஓய்வு பெற்ற பிறகும் அங்கேதான். ஜன்னலைத் திறந்தால் துறைமுகத்துக் கிரேன்கள் தெரியும். வெள்ளவத்தைக்கு வந்து எங்களோடு இருங்கள் என்று நான் கூப்பிடும்போதெல்லாம், "உன்ர வீட்டில ரயில்தான் தெரியும்" என்பார்.

பாரிசவாதம் வந்ததும் அவருடைய காரியங்களைப் பார்க்க ஒருவர் வேண்டும் என்றார்கள். மாவட்ட நீதிமன்றத்துக்குப் போனோம். டொக்டரின் கடிதத்தை சட்டத்தரணி கொடுத்தார். நீதிபதி என்னிடம் மூன்று கேள்விகள் கேட்டார். பிறகு சக்கர நாற்காலியில் இருந்த அண்ணாவைப் பார்த்துச் சிங்களத்தில் ஏதோ கேட்க, மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொன்னார்: "உங்கட தங்கச்சி உங்களுக்குப் பொறுப்பாளரா இருக்கிறதுக்குச் சம்மதமா?"

"ஓம்" என்றார் அண்ணா.

எல்லோருக்கும் திருப்தி. பத்து நிமிடம்கூட ஆகவில்லை. வெளியே வந்து, "இனி நான் என்ன செய்யவேணும்?" என்று சட்டத்தரணியிடம் கேட்டேன். "ஒண்டுமில்லை மிஸ். ஓடர் கையில கிடைக்கும். வீட்ட போங்கோ" என்றார்.

அடுத்த மாதம் அண்ணாவிடம் கேட்டேன். "அண்ணா, கொட்டாஞ்சேனை அறையை விட்டிடுவமே? இனி அந்தப் படியெல்லாம் ஏற ஏலாதுதானே."

"ஓம்" என்றார். கண்ணில் நீர் வழிந்தது. இந்த நோயில் சும்மா சும்மா அழுகை வரும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். துடைத்துவிட்டேன். மறுபடியும் கேட்டேன். மறுபடியும் 'ஓம்'. இரண்டு தரம் கேட்ட நல்ல தங்கை நான்!

சாமான்களை எடுக்கப் போன அன்று அண்ணாவையும் கூட்டிக்கொண்டு போனேன். படியேற முடியாமல் கீழே இருந்தார். ரோஸ்மேரி அக்கா என்னைத் தனியே இழுத்தார்.

"தங்கச்சி, கொஞ்ச நாள் பொறுங்க. அறை பூட்டியே கிடக்கட்டும். அவர் மொகத்தப் பாருங்க, சரியில்ல."

"அவரே ஓம் எண்டவர் அக்கா. கோட் ஓடரும் என்னட்ட இருக்கு."

அவர் மேலறைச் சாவியை எடுத்துத் தந்தார்.

அமெரிக்காவில் என் மச்சாள் வசந்தி இருக்கிறாள். மனவளர்ச்சி குறைந்த தன் மைத்துனருக்கு அவள்தான் பொறுப்பாளர். அவளை நியமித்த நீதிமன்றம் ஒரு முழுநாள் வகுப்பில் இருத்திவிட்டதாம். எப்படிக் கேட்பது, பேச முடியாதவரின் விருப்பத்தை எப்படி அறிவது, எதையெல்லாம் அவரே முடிவு செய்ய விடவேண்டும்... "பரீட்சை வேற வச்சவங்களடி!" என்று போனில் அலுத்துக்கொண்டாள். "உங்கட ஊரில ஆக்களுக்கு வேற வேலை இல்லையோ?" என்று நானும் சேர்ந்து சிரித்தேன்.

சாரதி அனுமதிப்பத்திரம் எடுக்க நான் எழுத்துப் பரீட்சை எழுதினேன். எல் போட் கட்டி ஓடினேன். ஒருமுறை பெயிலும் ஆனேன். ஒரு முழு மனிதரின் வாழ்க்கையைக் கையில் தரும்போது மட்டும் யாரும் எதுவும் கேட்கவில்லை. தங்கைதானே, பாசம் இருக்கும், அது போதும் என்று நினைத்திருப்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். பாசம் இருந்தது. கேட்கத்தான் தெரியவில்லை.

அன்று ஷிப்னாவை வைத்துக்கொண்டே கேட்டேன். "அண்ணா, கொட்டாஞ்சேனைக்குத் திரும்பிப் போக விருப்பமே?"

விரல் பச்சை அட்டைக்குப் போனது. யோசிக்கவே இல்லை.

"இஞ்சயே இருக்க விருப்பமே?"

சிவப்பு.

ரோஸ்மேரி அக்காவுக்குப் போன் எடுத்தேன். அறையில் ஒரு இளம் தம்பதி இருக்கிறார்களாம், கைக்குழந்தையோடு. "அவங்கள எப்படித் தங்கச்சி எழும்பச் சொல்ற?" என்றார். குரலில் கோபம் இல்லை. கோபித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அண்ணாவிடம் மறைக்காமல் சொன்னேன். என்னுடைய பிழை என்றும் சொன்னேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. இரண்டு அட்டைகளையும் இடது கையால் மெதுவாகக் கவிழ்த்து வைத்தார். அன்றைக்கு அவற்றை மறுபடி தொடவே இல்லை.

இப்போது எல்லாவற்றையும் அட்டைகளை வைத்துத்தான் கேட்கிறேன். ஒவ்வொன்றையும் இரண்டு விதமாக. காலையில் கொடுக்கும் கஞ்சி அவருக்குப் பிடிக்காது என்று தெரிந்துகொண்டேன். இத்தனை மாதமாகக் குடித்திருக்கிறார்! ஒரு கேள்வியை மட்டும் இன்னும் கேட்கவில்லை. நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளர் கேட்டாரே, அந்தக் கேள்வி. கேட்க வேண்டும். தைரியம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவரை முச்சக்கரவண்டியில் கொட்டாஞ்சேனைக்குக் கூட்டிப்போனேன். அதையும் கேட்டுத்தான். அந்த வீட்டுக்கு எதிரே நிறுத்தச் சொன்னேன். மேல்மாடி ஜன்னலில் குழந்தையின் துணிகள் காய்ந்துகொண்டிருந்தன. அண்ணா தலையை வெளியே நீட்டி அதையே பார்த்தார்.

கால் மணித்தியாலம் போயிருக்கும். அட்டைகளை எடுத்து அவர் மடியில் வைத்தேன். "போவமே அண்ணா?"

அவர் இரண்டையும் தொடவில்லை.

சாரதி இன்ஜினை இயக்கிவிட்டுத் திரும்பிப் பார்த்தார். "யமுத, அக்கே?" போகலாமா என்று அவரும் கேட்டார், சிங்களத்தில்.

"இவர் இன்னும் சொல்லவில்லை" என்றேன், எனக்குத் தெரிந்த சிங்களத்தில்.

சாரதி இன்ஜினை நிறுத்தினார்.