மூன்றாவது தலாக்கும் ஒரு குலவையும்

ஃபிக்ரியா அக்கா இல்லாமல் எங்கள் ஸ்டூடியோவில் எந்தக் கல்யாணமும் நடக்காது. படத்தில் கதாநாயகி யாரைக் கட்டிக்கொண்டாலும், கூட்டத்தின் நடுவில் நின்று குலவை போடுவது அவள்தான். மற்றப் பெண்கள் போட்டால் கெட்டில் கொதிப்பது போலிருக்கும். ஊர் ஊராக அலைந்துவிட்டுக் கெய்ரோ திரும்பி நான் அங்கே உதவி இயக்குநராகச் சேர்ந்தபோது, முதல் தேநீர் அவள் கையால்தான். "ரோம், பெய்ரூத்னு சுத்துனியே, ஒரு மாப்பிள்ளை கூடவா கண்ணுல படல?" என்றாள்.

அவள் புருஷன் ஷவ்கத் அங்கேயே விளக்குக்காரன். நல்லவன், வாய்தான் கெட்டது. எதற்கெடுத்தாலும் தலாக் மேல் சத்தியம். "இந்த மீனைச் சாப்பிடலேன்னா என் பொண்டாட்டி தலாக்!" என்று விருந்தாளியையே மிரட்டுவான். கோபத்தில் இருமுறை நிஜமாகவே சொல்லிவிட்டு, இருமுறையும் அழுது அவளை அழைத்துவந்தவன். மூன்றாவது விழுந்தால் அவ்வளவுதான். அவள் இன்னொருவனைக் கட்டி, அவனையும் பிரிந்தால்தான் இவனிடம் திரும்பலாம்.

ஒருமுறை படப்பிடிப்பு நீண்டுகொண்டே போக, வீட்டில் அடுப்பு எரியவில்லை. ஆறிப்போன மொச்சையைப் பார்த்த ஷவ்கத், பால்கனியில் நின்று தெருவே கேட்கக் கத்தினான்: "இனி அந்த ஸ்டூடியோவுல ஒரு குலவை போட்டே, மூணாவது தலாக்!"

மறுநாள் கடைசிக் காட்சி. பிடிக்காத பணக்காரனுக்குப் பெண்ணைக் கட்டிவைக்கிறார்கள். அவள் அழ வேண்டும், சுற்றிலும் குலவை எழ வேண்டும். கேமரா ஓடியது. ஃபிக்ரியா வாயைத் திறக்கவில்லை.

"என்னம்மா, தொண்டை கட்டிடுச்சா?" என்றார் இயக்குநர்.

"தொண்டை நல்லாத்தான் இருக்கு, உஸ்தாத். என் கல்யாணம்தான் கட்டிக்கிட்டு நிக்குது." விஷயத்தைச் சொன்னாள். சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை.

நிக்காஹ் காட்சியைச் சரிபார்க்க வந்திருந்த பள்ளிவாசல் ஷேக் தலையை நிமிர்த்தி, மேலே விளக்குப் பலகையில் உட்கார்ந்திருந்தவனைப் பார்த்தார். "ஏம்ப்பா ஷவ்கத், சும்மா மிரட்டச் சொன்னது செல்லாது. பிரியணும்னே நெனச்சிருந்தா விழுந்துடும். உன் மனசுல என்ன இருந்துச்சு?"

பலகை முழுக்க அவன் கூட்டாளிகள். அவன் கம்பியைத் துடைத்தான். தொப்பியைக் கழற்றி மறுபடி மாட்டினான்.

"சும்மா... மிரட்டத்தான், மௌலானா."

"எனக்குக் கேக்கல," என்றாள் ஃபிக்ரியா.

"மிரட்டத்தான்டி சொன்னேன்!"

"மைக்கு அங்க எட்டாது. எறங்கி வந்து சொல்லுய்யா."

இறங்கி வந்தான். கூட்டாளிகள் விசிலடித்தார்கள். ஜரிகைத் தலைப்பாகை கட்டிய போலி மாப்பிள்ளைக்கும் அழுகைக்குத் தயாரான மணப்பெண்ணுக்கும் நடுவே நின்று, "நீ இல்லாம எனக்கு எங்கடி போக்கிடம்? மிரட்டத்தான் சொன்னேன். மொச்சை வேற ஆறிப்போச்சு," என்றான்.

ஃபிக்ரியா போட்டாளே ஒரு குலவை! அழ வேண்டிய கதாநாயகி வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். இயக்குநர் தலையில் அடித்துக்கொண்டு, "கட்! மறுபடியும்!" என்றார்.

யாரும் சொல்லாமலே ஷவ்கத் ஏணியில் ஏறி, பெரிய விளக்கை அவள் பக்கம் திருப்பினான்.